ராஜா எட்டாம் வரிசையைத் தொட்டால் வெற்றி: இந்த விதி தாங்குமா?

வாசகர் கேட்டது, பிப்ரவரி 3

"சதுரங்கத்தில் டிரா அதிகம் என்று எரிச்சலாகி ஒரு புது வகை உருவாக்கியிருக்கிறேன். காய்கள், நகர்வுகள் எல்லாம் வழக்கம்போல. ஜெயிக்க மட்டும் மூன்று வழி. ஒன்று, செக்மேட். இரண்டு, தன் ராஜாவை எதிராளியின் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனால் வெற்றி. மூன்று, இரண்டு பேரும் 40 நகர்வு ஆடி முடித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் காய் மதிப்பைக் கூட்டி, அதிகம் வைத்திருப்பவருக்கு வெற்றி. சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. நண்பர்களோடு நிறைய ஆடிப் பார்த்தாயிற்று, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. இனி டிராவே கிடையாது. விதி சரி என்று முடிவு கட்டிவிடலாமா?"

பிப்ரவரி 3, இரவு

முடியாது. நண்பர்களுக்குப் பிடித்தது என்பதிலிருந்து உங்கள் நண்பர்கள் நல்லவர்கள் என்று தெரிகிறது. விதியைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை. புது ஆட்டத்தை முதல்முறை ஆட உட்காருபவர்கள் பழைய சதுரங்கத்தைத்தான் ஆடுவார்கள். காயை வெளியே எடுப்பார்கள், கோட்டை கட்டுவார்கள், மேட் தேடுவார்கள். நடுவில் புது விதி ஞாபகம் வந்தால் சிரித்துக்கொண்டே ராஜாவை ஒரு கட்டம் தள்ளிப் பார்ப்பார்கள்.

சோதனைக்கு வேறு மாதிரி ஆள் வேண்டும். ஜெயிப்பதைத் தவிர எதிலும் அக்கறை இல்லாத, சந்து தெரிந்தால் நுழைந்துவிடுகிற ஆள். என் அக்கா பையன் அந்த ரகம். எந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "மாமா, இதுல கேவலமா ஜெயிக்க என்ன வழி?" உங்கள் விதிகளை அவனிடம் படித்துக் காட்டியிருக்கிறேன்.

அதற்கு முன் எனக்கே ஒன்று இடிக்கிறது. 40 முடிந்து இருவர் மதிப்பும் சமமாக இருந்தால்? அதை எழுதவில்லையே. ஒழித்துவிட்டதாகச் சொன்ன டிரா அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 4

"சமமாக இருந்தால் கறுப்புக்கு வெற்றி" என்று சேர்த்துவிட்டீர்கள். பரவாயில்லை, இதற்கு முன்மாதிரி உண்டு. அர்மகெடான் ஆட்டத்தில் டிரா ஆனால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. அதற்கு ஈடாக வெள்ளைக்கு நேரம் அதிகம். கொரியர்களின் சதுரங்கமான ஜாங்கியில் இன்னும் நயமாகச் செய்கிறார்கள். எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் போட்டிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் காய் மதிப்பு மொத்தம் 72. இரண்டாவதாக ஆடுபவருக்குக் கூடுதலாக ஒன்றரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளி இருப்பதால் சமம் என்ற பேச்சே எழாது. முதலில் ஆடுபவரின் அனுகூலத்துக்கும் அதிலேயே கொஞ்சம் ஈடு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் ஆட்டத்தில் கறுப்புக்கு ஈடு தேவையா என்பதே சந்தேகம். நாளைக்கு எழுதுகிறேன். பையன் எதையோ கண்டுபிடித்துவிட்டுக் கெக்கலிக்கிறான்.

பிப்ரவரி 5

அவன் கண்டுபிடித்தது இது. 40-ஆவது நகர்வில் கடைசியாக ஆடுவது கறுப்பு. அதற்குப் பிறகு வெள்ளைக்கு முறை கிடையாது. அப்படியானால் அந்த ஒரு நகர்வில் கறுப்பு எதை வேண்டுமானாலும் வெட்டலாம். சிப்பாய் காவலில் இருக்கும் குதிரையை ராணியால் வெட்டலாம். இன்னொரு யானை காக்கும் யானையை ராணியால் வெட்டலாம். சாதாரண சதுரங்கத்தில் இது பைத்தியக்காரத்தனம், அடுத்த நொடியே ராணி போகும். இங்கே அடுத்த நொடி என்பதே இல்லை. மணி அடித்தாயிற்று, கூட்டு.

வெள்ளைக்கும் 40-ஆவது நகர்வு உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் வெள்ளை காவல் இல்லாததை மட்டுமே வெட்ட முடியும். காவலில் இருப்பதை வெட்டினால் கறுப்பு தன் கடைசி நகர்வில் திருப்பி வெட்டிவிடும். கறுப்புக்கு அந்தப் பயம் கிடையாது. ஒருவர் பார்த்து வெட்ட வேண்டும், இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம்.

இது தெரிந்த இருவர் ஆடினால் ஆட்டம் எப்படி இருக்கும் என்று பின்னாலிருந்து யோசியுங்கள். வெள்ளை 35-ஆவது நகர்விலிருந்தே தன் காய்களைக் கறுப்பின் பார்வையிலிருந்து மறைத்து வைக்கத் தொடங்கும். கறுப்பு ராணியைத் திறந்த இடத்தில் நிறுத்தி, கடைசி மணிக்காகக் காத்திருக்கும். மேட், தாக்குதல் என்று ஒருவரும் மெனக்கெட மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆடிய ஆட்டங்கள் அப்படித்தான் ஆயின. நான் வெள்ளை எடுத்தால் ஒளிந்து விளையாட்டு, கறுப்பு எடுத்தால் வழிப்பறி. மாற்றி மாற்றி ஆடியும் இருவருக்குமே அலுத்துவிட்டது.

சமமானால் கறுப்புக்கு வெற்றி என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே கடைசிச் சுரண்டல் கறுப்புக்கு. அதன் மேல் போனஸ் வேறு.

பிப்ரவரி 6

"அப்படியானால் கறுப்பின் 40-க்குப் பிறகு வெள்ளைக்கு ஒரே ஒரு பதில் நகர்வு கொடுத்துவிடலாம்" என்கிறீர்கள்.

கொடுங்கள். இப்போது கடைசிச் சுரண்டல் வெள்ளைக்கு. எண் 40 ஆனாலும் 41 ஆனாலும் எழுபது ஆனாலும், ஒரு குறிப்பிட்ட நகர்வில் கூட்டுவது என்று வைத்தால் அந்த நகர்வை ஆடுபவர் திருடலாம்.

பிப்ரவரி 8

இரண்டு நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். எண்ணுவதை ஒரு நகர்வு எண்ணோடு கட்டாமல் நிலையோடு கட்ட வேண்டும். 40 முடிந்த பிறகு, இருவரும் சேர்ந்து தொடர்ந்து பத்து நகர்வுகள் ஆடி, அதில் ஒரு வெட்டும் ஒரு சிப்பாய் உயர்வும் நடக்கவில்லை என்றால் அப்போது கூட்டலாம். யாராவது வெட்டினால் பத்து மறுபடி முதலிலிருந்து. இப்படி வைத்தால் காவலில் உள்ளதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுபவர் அதற்கான விலையைக் கொடுத்தே தீர வேண்டும்.

இது முடிவே இல்லாமல் இழுக்காதா என்று கேட்பீர்கள். இழுக்காது. பலகையில் 32 காய்கள், அதில் 2 ராஜா. ஆக ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 30 வெட்டுகள்தான் சாத்தியம். சிப்பாய்கள் 16, ஆக உயர்வுகளும் 16-க்கு மேல் போகாது. பத்தை மறுபடி தொடங்கவைக்கும் சம்பவங்களுக்கு உச்சவரம்பு இருக்கிறது, எனவே ஆட்டம் முடிந்தே ஆக வேண்டும். புது விதி எழுதும் யாரும் முதலில் போட வேண்டிய கணக்கு இது: இந்த ஆட்டம் என்றைக்காவது முடியும் என்று காகிதத்தில் காட்ட முடியுமா? சாதாரண சதுரங்கத்திலும் 50 நகர்வு விதி இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே வெட்டோடு சிப்பாய் நகர்வும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும். 50 ஆனதும் டிராவை யாராவது கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டாலும் 75-இல் ஆட்டம் தானாக டிரா ஆகும்.

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியிலும் எண்ணுகிறார்கள், ஆனால் எப்போது என்று கவனியுங்கள். அங்கே காய்கள் பெரும்பாலும் முன்னோக்கித்தான் தாக்கும். அதனால் ராஜா எதிராளியின் கடைசி மூன்று வரிசைக்குள் புகுந்துவிட்டால் அதைப் பிடிப்பது மகா கஷ்டம். இரண்டு ராஜாக்களும் அப்படிப் புகுந்து, மேட்டுக்கு இனி வழியில்லை என்றான பிறகே பெரிய காய்க்கு 5, மற்றவற்றுக்கு 1 என்று எண்ணுகிறார்கள். ராஜா நுழைவதும் எண்ணிக்கையும், உங்கள் இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும், அங்கே ஏற்கெனவே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கின்றன. சண்டை ஓய்ந்த பிறகு எண்ணுவதால் அங்கே திருட்டுக்கு இடமில்லை.

பிப்ரவரி 9

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். விதி இப்போது ஓட்டையில்லாமல் இருக்கிறது. ஆனாலும் மூன்றாம் விதியைத் தூக்கிவிடுங்கள்.

காரணம், அது மற்ற இரண்டையும் தின்கிறது. ராஜா நிம்மதியாக நடமாட ராணிகள் போயிருக்க வேண்டும், பலகை காலியாக வேண்டும். அது எண்ட்கேமில்தான் நடக்கும். எண்ட்கேம் சூடு பிடிக்கிற நேரத்தில் நீங்கள் கடையை மூடுகிறீர்கள். பத்து நகர்வு அமைதி என்ற நிபந்தனை கொஞ்சம் மூச்சு விடவைக்கும், அவ்வளவுதான். ஒரு சிப்பாய் கூட வைத்திருப்பவர் ராஜாவை ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் போதும். தாக்குதலும் அப்படியே. கேம்பிட் ஆடி ஒரு சிப்பாயைக் கொடுத்தவர் 40-க்குள் மேட் செய்யாவிட்டால் தோற்றார். அப்புறம் யார் சிப்பாயைக் கொடுப்பார்கள்?

மூன்று வழி இருக்கிறது என்று எழுதிவைப்பதால் மூன்று வழியிலும் ஆட்டம் முடியாது. எது மலிவோ அதில்தான் எல்லோரும் போய் முடிப்பார்கள். நூறு ஆட்டத்தில் எத்தனை எந்த வழியில் முடிந்தது என்று எண்ணிப் பாருங்கள். தொண்ணூறு ஒரே வழியில் முடிந்தால் மற்ற இரண்டும் அலங்காரம்.

பிப்ரவரி 12

மூன்றாம் விதியை விட மனசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விட வேண்டாம், தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதியையும் தனித்தனியாகப் போட்டுச் சோதித்தால்தான் எது என்ன செய்கிறது என்று தெரியும். இப்போதைக்கு மேட் பிளஸ் எட்டாம் வரிசை மட்டும். இதைத்தான் நானும் பையனும் கொஞ்ச நாளாக ஆடுகிறோம். சுவையான பகுதி இதுதான்.

முதல் கவனிப்பு, தூரம். "கிங் ஆஃப் த ஹில்" ஆட்டத்தில் ராஜா நடுவிலுள்ள நான்கு கட்டங்களில் ஒன்றைத் தொட்டால் வெற்றி. இ1-லிருந்து இ4-க்கு (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை) மூன்றே அடி. அதனால் அங்கே ஓப்பனிங்கிலேயே அந்த மிரட்டல் உயிரோடு இருக்கிறது. நடுவில் ஒரு கட்டத்தின் காவலை விட்டாலே ராஜா குதித்து ஏறிவிடும். உங்கள் ஆட்டத்தில் ஏழு அடி. ராணிகள் நிற்கும் பலகையில் ஏழு அடி நடப்பது தற்கொலை. ஆக முதல் முப்பது நகர்வுக்கு உங்கள் விதி தூங்குகிறது. அது குறை இல்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது எண்ட்கேம் விதி. ஓப்பனிங் புத்தகத்தை அது ஒன்றும் செய்யாது. முன்பே உறைக்க வேண்டும் என்றால் எல்லையை ஆறாம் வரிசைக்கு இறக்கிப் பாருங்கள். ஐந்தாம் வரிசை வரை போகாதீர்கள், முழு வரிசையையும் யாராலும் காவல் காக்க முடியாது.

பிப்ரவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

ஒருவர் கேட்கிறார்: செக்கில் இருந்துகொண்டே எட்டாம் வரிசைக்குப் போகலாமா என்று. செக் உள்ள கட்டத்துக்கு ராஜா நகரவே முடியாது, ஆகவே அந்தக் கேள்வியே எழாது. ஆனால் இதை விதியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். எழுதாததை வைத்து என் அக்கா பையன் ஒரு மணி நேரம் வாதாடுவான்.

பிப்ரவரி 15

இரண்டு ராஜா மட்டும் மிஞ்சினால் டிரா. பழைய சதுரங்கத்தில் இது கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளும் விஷயம். உங்கள் ஆட்டத்தில் அந்த விதியை முதலில் அழிக்க வேண்டும், ஏனென்றால் வெறும் ராஜாவே ஜெயிக்கும் ஆயுதம்.

வெள்ளை ராஜா இ4, கறுப்பு ராஜா இ6. கறுப்பின் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு டி6 போனால் வெள்ளை எஃப்5. கறுப்பு தடுக்கத் திரும்பி இ7 வந்தால் வெள்ளை ஜி6. கறுப்பு எஃப்8, வெள்ளை எச்7. இப்போது எச்8-ஐக் கறுப்பால் காக்க முடியாது. காக்கக்கூடிய ஜி8, ஜி7 இரண்டுமே வெள்ளை ராஜாவின் பக்கத்துக் கட்டங்கள். சரி, தடுக்காமல் கறுப்பும் ஓடினால்? டி5, டி4 என்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை எஃப்8-இல் நிற்கும்.

அதே நிலை, வெள்ளையின் முறை. இப்போது வெள்ளை எஃப்4 போனால் கறுப்பு எஃப்6. ஜி4 என்றால் ஜி6. எதிரெதிரே நின்று அப்படியே பக்கவாட்டில் கூடவே வரும். வெள்ளை அவசரப்பட்டு இ3-க்குப் பின்வாங்கினால் கறுப்பு இ5 வந்து அதே ஆயுதத்தைத் திருப்பிப் பிடிக்கும், தோல்வி வெள்ளைக்கு. ஆக இரண்டு பேரும் புத்தியாக ஆடினால் நிலை மூன்று முறை திரும்பி வந்து டிரா. டிராவே இல்லை என்ற உங்கள் அறிவிப்பு வெறும் இரண்டு ராஜாவிலேயே அடிபட்டுப்போகிறது.

ஆனால் எவ்வளவு அழகான டிரா பாருங்கள். ராஜாக்கள் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்க, நகர வேண்டிய கட்டாயம் எதிராளிக்கு வருவதை ஆப்போசிஷன் என்று எண்ட்கேம் புத்தகத்தில் படித்து, சிப்பாய் இருந்தால் மட்டும் உதவும் என்று ஒதுக்கிவைத்த பாடம் இங்கே ஆட்டத்தின் முதுகெலும்பாகிவிட்டது.

இதை ஊகிக்கவும் வேண்டாம். ஒன்றையொன்று தொடாமல் இரண்டு ராஜாக்களைப் பலகையில் வைக்க 3,612 வழிகள். யாருடைய முறை என்பதையும் சேர்த்தால் 7,224 நிலைகள். முடிந்த நிலைகளிலிருந்து பின்னோக்கி நடந்து ஒவ்வொன்றையும் வெற்றி, தோல்வி, டிரா என்று குறிக்க ஒரு சின்ன நிரல் போதும், கண் இமைக்கும் நேரத்தில் முடியும். பெரிய சோதனைக்குப் போகும் முன் இப்படி முழுசாகத் தீர்க்கக்கூடிய மூலைகளைத் தீர்த்துவிடுங்கள்.

பிப்ரவரி 16

யானை சேர்ந்தால் கதை மாறுகிறது. ஐந்தாம் வரிசையில் வெள்ளை யானை நின்றால் கறுப்பு ராஜா அந்த வரிசையைத் தாண்ட முடியாது, அது சுவர். கறுப்பும் தன் யானையால் நான்காம் வரிசையில் சுவர் எழுப்பும். இரண்டு ராஜாவும் ஆளுக்கொரு பக்கம் அடைபட்டு முழித்துக்கொண்டு நிற்கும். டிரா என்று நினைத்தேன். பையன் யானையை யானைக்கு எதிரே கொண்டுவந்து ராஜா காவலோடு நிறுத்தி, மாற்றிக்கொள்ளலாம் என்றான். மாற்றினால் வெறும் இரண்டு ராஜா, ஆப்போசிஷன் அவனிடம். மாற்றாமல் என் யானையை நகர்த்தினால் என் சுவர் போச்சு. எப்படிப் பார்த்தாலும் அவன் ராஜா நுழைகிறது. இது சாதாரண சதுரங்கத்தில் இல்லவே இல்லாத ஒரு மிரட்டல். இந்த இடத்தில்தான் உங்கள் விதி எனக்குப் பிடிக்கத் தொடங்கியது.

பிஷப்பால் சுவர் கட்ட முடியாது. ஏ1 முதல் எச்8 வரை முழு மூலைவிட்டத்தையும் பிஷப் காத்தாலும் ராஜா பி1-லிருந்து ஏ2-க்கு நழுவிவிடும், அந்த மூலைவிட்டத்தின் ஒரு கட்டத்தையும் மிதிக்காமல். பக்கத்துப் பக்கத்து மூலைவிட்டங்களில் இரண்டு பிஷப் சேர்ந்து நின்றால்தான் அடைபடும். அதனால் இந்த ஆட்டத்தில் இரட்டை பிஷப்புக்குப் பழைய சதுரங்கத்தைவிட மவுசு அதிகம், ஒற்றை பிஷப்புக்கும் யானைக்கும் உள்ள இடைவெளியும் அதிகம். 3, 5 என்ற மதிப்புகளே இங்கே செல்லுமா தெரியாதபோது அதை வைத்து வெற்றியை முடிவு செய்வது எப்படி? மூன்றாம் விதிக்கு எதிராக எனக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. குத்திக்காட்டவில்லை.

பிப்ரவரி 18

"பதில் நகர்வு" விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் 6-ஆம் தேதி அதை ஒரேயடியாக மட்டம் தட்டியதுபோல் இருக்கிறது. எண்ணிக்கைக்கு அது உதவாது. வேறு சில விதிகளுக்கு அதுதான் உயிர்.

சதுரங்கத்தின் முன்னோடியான பழைய ஷத்ரஞ்சில் எதிராளியின் ராஜாவைத் தவிர எல்லாக் காயையும் வெட்டிவிட்டால் வெற்றி. அன்றைய ராணியும் பிஷப்பும் நோஞ்சான்கள். ராணிக்கு மூலைவாக்கில் ஒரே கட்டம், பிஷப்புக்கு மூலைவாக்கில் ஒரு தாவல். மேட் எளிதில் வராது, அதனால் இந்த விதி தேவைப்பட்டது. ஆனால் மொட்டையான ராஜா தன் அடுத்த நகர்விலேயே எதிராளியின் கடைசிக் காயை வெட்டிவிட்டால் பொதுவாக டிரா. மதீனாவில் மட்டும் முதலில் மொட்டையடித்தவருக்கே வெற்றி என்று ஆடியிருக்கிறார்கள். ரேசிங் கிங்ஸ் ஆட்டத்திலும் அதே சிந்தனை. இரண்டு ராஜாவும் ஒரே பக்கத்திலிருந்து எட்டாம் வரிசைக்கு ஓடுகின்றன. வெள்ளை முதலில் தொட்டால், கறுப்பு உடனடி அடுத்த நகர்வில் தொட முடிந்தால் டிரா. முதலில் ஆடத் தொடங்கியதற்கு வெள்ளைக்குச் சும்மா கிடைத்த ஓர் அடியை அது திருப்பி வாங்கிக்கொள்கிறது.

உங்கள் எட்டாம் வரிசை விதிக்கு இது வேண்டுமா? ஒரே அடியில் இருவரும் முந்துகிற ஓட்டப்பந்தய முடிவுகள் அடிக்கடி வந்தால் வேண்டும். நாங்கள் ஆடியவரை அப்படி முடிவது அபூர்வம். ஒருவர் உள்ளே போகும்போது மற்றவர் பெரும்பாலும் தன் வரிசையைக் காக்கத் திரும்பியிருப்பார். சேர்த்தால் டிரா கூடும், அவ்வளவுதான் லாபம். வேண்டாம் என்பது என் கட்சி.

பிப்ரவரி 21

சதுரங்கம் ஆடும் கணினி நிரலை, அதாவது என்ஜினை, வைத்துச் சோதிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தாராளமாக. ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச என்ஜின் இதற்கென்றே இருக்கிறது. எந்தக் காய் எந்தப் பகுதியைத் தொட்டால் வெற்றி, ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர வழியின்றி நிற்பது) யாருக்கு, கறுப்புக்குப் பதில் நகர்வு உண்டா என்பதெல்லாம் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிக்கொடுத்தால் போதும், ஆடத் தொடங்கிவிடும். ராஜா, எட்டாம் வரிசை என்று சில வரி எழுதினால் உங்கள் ஆட்டம் தயார்.

செய்பவர்கள் இரண்டு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். தொடக்க நிலையிலிருந்தே என்ஜினைத் தன்னோடு மோதவிட்டால் கிட்டத்தட்ட ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். ஆயிரம் ஆட்டம் என்று பீற்றிக்கொள்ளலாம், உள்ளே இருப்பது நாலைந்துதான். முதல் சில நகர்வுகளைக் கலைத்துப்போட்டு, ஒவ்வொரு தொடக்கத்தையும் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடவிட வேண்டும். இன்னொன்று, சாதாரண சதுரங்கத்துக்குப் பயிற்சி பெற்ற நியூரல் வலையை மாட்டிவிட்டால் அது உங்கள் விதியின் மதிப்பை உணராது. ராஜா நடுவில் வந்தால் ஆபத்து என்றே எடை போடும், வெற்றி கண் முன்னால் வரும்வரை.

பிப்ரவரி 22

கணக்கு கேட்டவருக்கு: டிரா இல்லாத ஆட்டமாக எடுத்துக்கொண்டு 100 ஆட்டம் ஆடி வெள்ளைக்கு 55 வந்தால் அதில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. தற்செயலே அந்த அளவுக்கு மேலும் கீழும் பத்து வரை ஆட்டிவிடும். 400 ஆட்டத்தில் அது நூற்றுக்கு ஐந்தாகக் குறையும். நான்கு மடங்கு உழைத்தால் பாதி மங்கல் விலகும். சாதாரண சதுரங்கத்திலேயே வெள்ளைக்குச் சுமார் 54, 55 விழுக்காடு கிடைக்கிறது என்பதால், உங்கள் வகை அதைவிட மோசமா என்று அறிய நண்பர்களோடு ஒரு விடுமுறை நாள் போதாது.

பிப்ரவரி 26

ஸ்டேல்மேட்டை மறந்தே போனோம். உங்கள் மூல விதியில் ஒரு சொல்கூட இல்லை.

டிராவைக் குறைக்க வேண்டும் என்றால் ஸ்டேல்மேட் செய்தவருக்கு வெற்றி கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஷத்ரஞ்சில் அப்படித்தான், சீனச் சதுரங்கத்தில் இன்றும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1600களிலிருந்து 1800களின் தொடக்கம்வரை தலைகீழாக, ஸ்டேல்மேட் செய்தவருக்குத் தோல்வி. ஆக மனிதர்கள் எல்லா விதமாகவும் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். 2020-இல் டீப்மைண்ட் குழுவும் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக்கும் சேர்ந்து ஆல்ஃபாஸீரோ என்ற தானே ஆடிக் கற்கும் நிரலுக்கு ஒன்பது வகை மாற்று விதிகளைக் கொடுத்து ஆடவிட்டார்கள். ஸ்டேல்மேட்டுக்கு வெற்றி என்பதும் அதில் ஒன்று. அந்த மாற்றம் சில எண்ட்கேம்களின் முடிவைத் தொட்டதே தவிர ஓப்பனிங்கையோ டிராவின் அளவையோ பெரிதாக அசைக்கவில்லை. கேட்கும்போது புரட்சி மாதிரி இருக்கும் விதி ஆடும்போது காணாமல் போகலாம்.

உங்கள் ஆட்டத்தில் நிலைமை வேறாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒற்றைச் சிப்பாய் எண்ட்கேம்களில் காக்கும் ராஜா பெரும்பாலும் தன் கடைசி வரிசையில் ஒடுங்கி நிற்கும். அதே வரிசைக்குத்தான் எதிராளி ராஜாவும் வர முயலும். இரண்டு மிரட்டல் ஒரே இடத்தில் குவிகிறது. சேர்த்தும் சேர்க்காமலும் ஓடவிட்டுப் பாருங்கள், ஆனால் ஒரே சமயத்தில் வேறெதையும் மாற்றாமல்.

பிப்ரவரி 27

"விதி சரியாக அமைந்தாலும், நாளைக்கே கம்ப்யூட்டர் முழுசாகத் தீர்த்துவிட்டால்?" தீர்க்கட்டுமே. காய்களைத் தோற்றால் ஜெயிக்கிற ஆன்டிசெஸ்ஸில் இ3 ஆடித் தொடங்கினால் வெள்ளைக்கு வெற்றி என்று 2016-இல் மார்க் வாட்கின்ஸ் கணக்குப் போட்டு முடித்தார். அதற்குப் பிறகும் ஜனங்கள் அதை ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நானும்தான். தோற்பதில் எனக்குத் தனித் திறமை உண்டு, ஆன்டிசெஸ் தவிர.

மார்ச் 2

பையன் இன்று வைத்த நிலைதான் உங்கள் ஆட்டத்தின் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். என் ராஜா ஆறாம் வரிசையில், கண்ணெதிரே எட்டாம் வரிசை. அவனிடம் ஒரு ராணி மட்டும் உயிரோடு. செக், செக், மறுபடி செக். என் ராஜா மூன்று கட்டங்களுக்குள் சுற்றுகிறது. நிலை மூன்று முறை வந்தது, டிரா. ஓடும் ராஜாவை நிறுத்த மலிவான வழி ஓயாத செக். இந்த வகையில் ராஜாக்கள் வெளியே அலைவதால் சாதாரண சதுரங்கத்தைவிட இது அதிகம் வரும்.

ஷோகியிலும் சீனச் சதுரங்கத்திலும் ஓயாமல் செக் கொடுத்து நிலையைத் திரும்பக் கொண்டுவருபவருக்குத் தோல்வி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது உங்கள் அடுத்த பதிலாக இருக்கும், எனக்குத் தெரியும். எடுத்தால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். ராணி வைத்திருப்பவர் மூன்றாவது முறை செக் கொடுக்க முடியாது, ராஜா உள்ளே போய்விடும். அப்படியானால் ராணி உள்ள பலகையிலும் ராஜாவை ஓட்டலாம், ஆறாம் வரிசை எட்டினால் போதும். 12-ஆம் தேதி நான் எழுதிய "முதல் முப்பது நகர்வு தூங்குகிறது" என்பது அப்போது செல்லாது. இருபதாவது நகர்விலேயே ஒரு யானையைக் கொடுத்துவிட்டு ராஜா ஓட்டம் தொடங்கலாம். வேறு ஆட்டம் ஆகிவிடும். அது கெட்டது என்று சொல்லவில்லை, எனக்குக் கொஞ்சம் ஆசைகூட வருகிறது.

மார்ச் 3

ஆடிப் பார்த்தோம். ஓயாத செக்குக்குத் தோல்வி என்று வைத்தால் ஓடுபவர் ரொம்பவே பலசாலி. பையன் ராணியைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறை. செக்கை டிரா என்று விட்டால் ஓடுவதற்கு முன் ராணியை மாற்றியாக வேண்டும், அதற்கு எதிராளி ஒத்துழைக்க மாட்டார், அந்த இழுபறியே நல்ல ஆட்டமாக இருக்கிறது. நான் டிராவை வைத்துக்கொள்வேன்.

மார்ச் 6

நீங்கள் திருத்தி அனுப்பிய விதிகள் கிடைத்தன: மேட், எட்டாம் வரிசை, ஸ்டேல்மேட் செய்தவருக்கு வெற்றி, ராஜா மட்டும் மிஞ்சினாலும் ஆட்டம் தொடரும், மூன்று முறை திரும்பினால் டிரா, 50 நகர்வு விதி வழக்கம்போல. புள்ளிக் கணக்கு போய்விட்டது, நன்றி.

ஒரு வரி பாக்கி. நேரம் தீர்ந்தால் என்ன? சாதாரண சதுரங்கத்தில் ஒருவருக்கு நேரம் தீர்ந்து, எதிராளியிடம் மேட் செய்ய வழியே இல்லாத காய்கள் இருந்தால் டிரா. இங்கே வெறும் ராஜாவுக்கும் ஜெயிக்க வழி உண்டு என்பதால் நேரம் தீர்ந்தவர் தோற்றார் என்று எழுதுங்கள். எழுதிவிட்டு என்ஜினில் ஆறாம் வரிசை எல்லையோடு ஒருமுறை, எட்டோடு ஒருமுறை ஓடவிட்டு, எத்தனை ஆட்டம் எந்த வழியில் முடிந்தது என்ற அட்டவணையை மட்டும் அனுப்புங்கள். ஜெயித்தது யார் என்பதை அப்புறம் பார்க்கலாம்.